ஆர்ப்பாட்டம் பத்து மணிக்கா? ஒன்பதுக்கே போங்கள்

அழைப்பிதழில் ஆர்ப்பாட்டம் காலை பத்து மணி என்று போட்டிருந்தால், ஒன்பது மணிக்கே வள்ளுவர் கோட்டத்தில் போய் நில்லுங்கள். போராட்டப் படங்களை நியாயமாக எடுப்பது எப்படி என்று கேட்டு வரும் இளம் ஃபோட்டோகிராஃபர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எந்த லென்ஸ், போலீஸ் பக்கம் நிற்பதா கூட்டத்தின் பக்கம் நிற்பதா, இரண்டு தரப்புக்கும் தலா எத்தனை படம் என்ற கேள்விகளோடு வந்திருப்பார்கள். அதற்கும் வருவோம்.

முன்னதாகப் போனால்தான் கூட்டம் எப்படிச் சேர்கிறது என்பது தெரியும். வேனில் ஏற்றிவரப்பட்டவர் யார், ஷேர் ஆட்டோவில் சொந்தக் காசு போட்டு வந்தவர் யார், தட்டியை எழுதிக் கொடுத்தது யார், போலீஸ் பேரிகார்டை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வைத்தது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணில் படும். கோஷம் தொடங்கிய பிறகு எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தாலி கட்டும் நேரத்துக்கு வந்து, மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவருக்குக் கல்யாணத்தைப் பற்றி என்ன தெரியும்?

அதேபோல, கடைசியாகக் கிளம்புங்கள். நம் ஊர் மறியலுக்கு ஒரு சடங்கு உண்டு. தள்ளுமுள்ளு, கைது, பஸ்ஸில் ஏற்றுவது, ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் அடைப்பது, மாலையில் விடுவது. பெரும்பாலான கேமராக்கள் பஸ் கிளம்பியதும் கிளம்பிவிடும். மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். காலையில் தொண்டை கிழியக் கத்திய அம்மா சுவரோரம் துண்டை விரித்துப் படுத்திருப்பார். பெண் காவலர் ஒருவர் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டபடியே இரண்டு பேர் கோரிக்கையைப் பற்றித் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதுவும் அந்தப் போராட்டம்தான்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், போராட்டப் படத்தில் நியாயம் என்பது பெரும்பாலும் அளவு சார்ந்த விஷயம். ஆறு மணி நேரம் நடந்த போராட்டத்தில் ஐந்து நிமிடம் கல் பறந்தது என்று வையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும், அனுப்பவும் வேண்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய ஆறு படத்தில் ஐந்து கல்லாக இருந்தால், ஒரு பிக்சலைக்கூடத் தொடாமலே பொய் சொல்லிவிட்டீர்கள். கல் பறந்ததை மறைத்துவிட்டு, குப்பை பொறுக்கும் மாணவர்களை மட்டும் அனுப்பினாலும் அதே பொய்தான். இரண்டாவது வகைப் பொய்க்கு நம்மிடையே பாராட்டு கிடைக்கும், அதனால் அது கூடுதல் ஆபத்து.

கேமராவுக்காகவே ஒரு போராட்டம்

கொடும்பாவி எரிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? வைக்கோல் பொம்மை தயார், தீப்பெட்டி தயார், ஆனால் யாரோ ஒருவர், "இருங்க தோழர், இன்னும் ரெண்டு சேனல் வரணும்" என்பார். போலீஸாரும் வாளித் தண்ணீரோடு அருகிலேயே காத்திருப்பார்கள். எரியும், அணையும், இழுபறி நடக்கும், எல்லாம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். மறுநாள் பேப்பரில் அது கொந்தளிப்பாகத் தெரியும்.

இதைப் படமெடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கவனத்தை ஈர்ப்பது போராட்டத்தின் வேலை, அதில் தப்பொன்றும் இல்லை. 2017 மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தார்கள். எலியைப் பல்லில் கவ்வினார்கள், தரையில் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். தினமும் புதிதாக ஏதாவது செய்யாவிட்டால் கேமராக்கள் திரும்பாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 41 நாள் அப்படி ஓடியது. மண்டை ஓட்டுப் படம் உலகம் முழுக்கப் போனது. வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம் என்ற கோரிக்கைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்வீர்கள்? மண்டை ஓட்டை எடுங்கள். கூடவே, அதைச் சுற்றி வட்டமாக நிற்கும் கேமராக்களையும் சேர்த்து ஒரு அகலமான படம் எடுங்கள். பிறகு, கோவணத்தோடு நிற்கும் அந்த மனிதர் இரவில் எங்கே தூங்குகிறார், ஊருக்கு போனில் என்ன பேசுகிறார் என்று பாருங்கள். சடங்கைச் சடங்காகவே காட்டிவிட்டால் யாரையும் ஏமாற்றியதாகாது.

செய்யக் கூடாதது ஒன்றுதான், நீங்களே டைரக்டர் ஆவது. "அண்ணே, கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க", "அக்கா, குழந்தைய முன்னாடி விடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது உங்கள் போராட்டம் ஆகிவிடும். பக்கத்தில் நிற்கும் சீனியர் சொல்லி, அதனால் கை உயர்ந்தால்? அந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

நிற்கும் இடமும் லென்ஸும்

70-200 லென்ஸை நீட்டி நெருக்கிப் பிடித்தால் ஐம்பது பேர் ஐந்நூறு பேர் ஆவார்கள். 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாதின் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேன் சிலை சாய்ந்தபோது, நெருக்கமான படங்களில் ஊரே திரண்டு வந்ததுபோல இருந்தது. உயரத்திலிருந்து எடுத்த அகலமான படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது, ஓரத்தில் அமெரிக்கப் பீரங்கி வண்டிகள். இரண்டுமே உண்மையான படங்கள்தான். எது முதல் பக்கத்துக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை மாடி, மேம்பாலம், கடை வாசல் படிக்கட்டு என்று ஏதாவது ஓர் உயரத்தில் ஏறி 24 எம்.எம்.மில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அச்சாகாது. ஆனால் அன்று இரவு படம் தேர்வு செய்யும்போது உங்களை நேர்மையாக வைத்திருப்பது அதுதான்.

போலீஸ் வரிசைக்குப் பின்னால் நின்றால் கூட்டம் உங்கள் மேல் பாய்வதுபோலத் தெரியும். கூட்டத்துக்குள் நின்றால் லத்தியும் கேடயமும் சுவர்போலத் தெரியும். கல்லும் கண்ணீர்ப்புகையும் பறக்கும்போது இடம் மாறுவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். ஆகவே அமைதியாக இருக்கும் நேரத்திலேயே இரண்டு பக்கமும் போய் வந்துவிடுங்கள். இன்ஸ்பெக்டரிடம் "வணக்கம் சார், இந்த ஏஜென்ஸி" என்று ஒரு முறை முகம் காட்டி வைப்பதும், அமைப்பாளரிடம் அதையே சொல்லி வைப்பதும் பின்னால் கை கொடுக்கும்.

ஆளுக்குப் பாதி என்றால் நியாயமா?

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தரப்புக்குத் தலா மூன்று படம் கொடுத்துவிட்டால் நடுநிலை என்று நினைக்கிறார்கள்.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். மக்கள் கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். வாகனங்கள் எரிந்தன, கல் பறந்தது. அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 உயிர் போனது. மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருவர் போலீஸ் வேனின் மேற்கூரையில் துப்பாக்கியோடு குறிபார்க்கும் காட்சியை நாடே பார்த்தது. சீருடை இல்லை, கையில் நீளத் துப்பாக்கி. அந்த ஒரு காட்சி கிளப்பிய கேள்விகளைப் பத்துப் பக்க அறிக்கைகூடக் கிளப்பியிருக்காது.

அன்றைய படத்தொகுப்பில் எரிந்த வாகனத்துக்கும் இடம் உண்டு, கண்டிப்பாக. அது நடந்தது. அதை விட்டால், படம் பார்ப்பவர் உங்கள் மற்ற படங்களையும் நம்ப மாட்டார். ஆனால் எரிந்த வாகனத்துக்கு ஒன்று, செத்த மனிதருக்கு ஒன்று என்று தராசில் வைப்பதை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எது எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்கு அதற்கு இடம். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தபோது, தப்பியோடியவர்கள்மீதும் சுடப்பட்டது, எச்சரிக்கை முறைகள் கடைப்பிடிக்கப்படவில்லை என்ற முடிவுகள் அதில் இருந்தன. சம்பவம் நடந்த மாலையில் உங்களுக்கு ஆணையம் கிடையாது. உங்கள் கண்ணும் கேமராவின் கடிகாரமும் மட்டும்தான்.

எது முதலில் நடந்தது?

அந்தக் கடிகாரத்தைப் பற்றி. 1984 ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் ஆர்க்ரீவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்கும் குதிரைப் போலீஸுக்கும் மோதல். அன்றைய பி.பி.சி. செய்தியில் முதலில் தொழிலாளர்கள் கல் எறிவதும், பிறகு குதிரைகள் பாய்வதும் வந்தன. வரிசை மாறிவிட்டது என்று தொழிலாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பல வருடங்கள் கழித்து, அவசரத்தில் வரிசை தவறுதலாக மாறிவிட்டது என்று பி.பி.சி. ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1985இல், குற்றம் சாட்டப்பட்ட 95 தொழிலாளர்கள்மீதான வழக்கு நீதிமன்றத்தில் குலைந்து போயிருந்தது. செய்தியில் வந்த காட்சிகள் எதுவும் ஜோடிக்கப்பட்டவை இல்லை. இரண்டு துண்டுகள் இடம் மாறின, அவ்வளவுதான். காரணம் விளைவானது, விளைவு காரணமானது.

ஸ்டில் படத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் ஒரு படத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 2020 நவம்பரில் டெல்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தில் பி.டி.ஐ.யின் ரவி சௌத்ரி எடுத்த படம் நினைவிருக்கும். வயதான சீக்கிய விவசாயி ஒருவர் ஒதுங்கி ஓட, துணை ராணுவ வீரர் லத்தியை ஓங்கி நிற்கிறார். படம் பரவியதும், லத்தி படவே இல்லை என்று சொல்லி மத்திய ஆளுங்கட்சியின் ஐ.டி. பிரிவுத் தலைவர் சில நொடி வீடியோ ஒன்றைப் போட்டார். பிறகு நீளமான வீடியோ வெளிவந்தது, அந்த விவசாயியும் தான் அடிபட்டதைச் சொன்னார். வெட்டிய வீடியோவுக்கு ட்விட்டர் 'திரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியது. உங்கள் படத்துக்கும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது கை கொடுப்பது அந்த ஃபிரேமுக்கு முந்தைய நாலு, பிந்தைய நாலு ஃபிரேம்கள். ஷேக் ஆனது, தலை வெட்டுப்பட்டது எதையும் அழிக்காதீர்கள். இரண்டு கேமரா வைத்திருந்தால் காலையிலேயே இரண்டின் கடிகாரத்தையும் நொடி சுத்தமாக ஒன்றாக வையுங்கள்.

கேப்ஷன் என்னும் கண்ணிவெடி

1963 மே 3, அமெரிக்காவின் பர்மிங்காம். கறுப்பினச் சிறுவன் ஒருவனின் ஸ்வெட்டரைப் போலீஸ்காரர் பிடித்திருக்க, நாய் வயிற்றை நோக்கிப் பாய்கிறது. ஏ.பி.யின் பில் ஹட்சன் எடுத்த அந்தப் படம் சிவில் உரிமைப் போராட்டத்தின் அடையாளப் படங்களில் ஒன்றானது. ஆனால் அந்தப் பையன் ஊர்வலத்தில் வந்தவன் இல்லை, வேடிக்கை பார்க்க நின்றவன். நாய் பாய்ந்தது அதனால் சரியாகிவிடாது. ஆனால் கேப்ஷனில் 'போராட்டக்காரர்' என்று போடுவதற்கு முன்னால், "தம்பி, நீங்க போராட்டத்துக்கு வந்தீங்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2021 ஜனவரி 26 அன்று டெல்லி செங்கோட்டையில், போராடிய விவசாயிகளில் சிலர் கொடி ஏற்றியபோது, தேசியக் கொடியை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி பறந்தது. ஏற்றியது சீக்கியர்களின் நிஷான் சாஹிப், தேசியக் கொடி தன் இடத்தில் பறந்துகொண்டுதான் இருந்தது. அகலமான படங்களில் அது தெரிந்தது. கேப்ஷனில் ஒரு வரி சரியாக இருந்திருந்தால் போதும்.

இடம், நேரம், யார், என்ன செய்தார்கள், நீங்கள் பார்த்தது எது, யாரோ சொன்னது எது. இவ்வளவுதான் கேப்ஷன். 'சமூக விரோதிகள்', 'வன்முறைக் கும்பல்', 'எழுச்சி', 'மக்கள் கடல்' எதுவும் வேண்டாம். கூட்டம் எவ்வளவு என்பதற்குப் போலீஸ் ஒரு கணக்குச் சொல்லும், கட்சி பத்து மடங்கு சொல்லும். சொன்னவர் பெயரோடு போடுங்கள், அல்லது எண்ணையே விட்டுவிடுங்கள்.

முகம் காட்டலாமா?

1871இல் பாரிஸ் கம்யூன் நாட்களில், சாய்க்கப்பட்ட வாந்தோம் தூண் அருகே புரட்சிக்காரர்கள் பெருமையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கம்யூன் வீழ்ந்த பிறகு, அந்த மாதிரிப் படங்களே அவர்களை அடையாளம் காணப் போலீஸுக்கு உதவின. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் லக்னோவில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்தவர்களின் படம், பெயர், முகவரியோடு நடுத்தெருவில் விளம்பரப் பலகை வைத்தார்கள். அகற்றச் சொல்லி அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே மாதம், டெல்லி கலவரத்தில் முக அடையாள மென்பொருளைக் கொண்டு 1,100க்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

பொது இடத்தில் நின்று கோஷம் போடுகிறவர் தன் முகத்தை உலகத்துக்குக் காட்டத்தான் வந்திருக்கிறார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தலைவர், பேச்சாளர் விஷயத்தில் அது சரி. அரசு வேலையில் இருக்கும் அண்ணனோடு வந்த கல்லூரிப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒப்பந்தத் தொழிலாளி, இவர்கள் விஷயத்தில்? பெரிய ஏஜென்ஸிகள் செய்திப் படத்தில் முகத்தை மங்கலாக்க எளிதில் ஒப்புக்கொள்ளா. ஆகவே படமெடுக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். முதுகுப்பக்கம், கை, தட்டி, நிழல், கூட்டத்தோடு கூட்டமாக முகம். தனி முகம் வேண்டும் என்றால் எடுத்தபின் போய்ப் பேசுங்கள். "வேண்டாம் அண்ணா" என்றால் அந்தப் படத்தை அனுப்பாமல் இருப்பதில் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. குற்றத்தில் கைதான, பாதிக்கப்பட்ட, சாட்சியான சிறுவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டமே தடுக்கிறது. அதில் பேச்சே இல்லை.

ஒன்றுமே நடக்காத நாள்

ஆவணப் படக்காரருக்கு உண்மையான பரீட்சை கண்ணீர்ப்புகை இல்லாத போராட்டம். 2017 பிப்ரவரியில் இலங்கையின் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் ஏ-9 சாலையோரம் உட்கார்ந்தார்கள். வவுனியாவில் அதே மாதம் இன்னொரு பந்தல். வருடக்கணக்கில் தொடர்ந்த போராட்டம். விடை தெரியாமலேயே பெற்றோர் பலர் இறந்துபோனார்கள். அங்கே போகும் எல்லா ஃபோட்டோகிராஃபரும் எடுக்கும் படம் ஒன்று உண்டு, மகனின் படத்தை மார்பில் அணைத்து அழும் தாய். உண்மையான படம்தான். ஆனால் எல்லாரும் அதையே எடுத்து எடுத்து, அந்த அம்மாக்கள் அழ மட்டுமே தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். அரசு அமைத்த காணாமல் போனோர் அலுவலகத்தை வேண்டாம் என்று சொன்னவர்கள், சர்வதேச விசாரணை கேட்டவர்கள், தெளிவான அரசியல் பேசுகிறவர்கள் அவர்கள். அந்தத் தாய் வாதிடும் முகம், பதாகை எழுதும் கை, வந்துபோகும் அதிகாரியிடம் அவர் காட்டும் கோபம், இவை எங்கே?

அப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் முதல் நாள் கேமராவைப் பையிலேயே வையுங்கள். தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள். "எந்தப் பத்திரிகை தம்பி, எத்தனை பேர் வந்து எடுத்துட்டுப் போயிட்டினம்" என்று ஓர் அம்மா கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் வேண்டும்: எடுத்த படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள், அவருக்கு ஒரு பிரதி வந்து சேருமா. பிரதி கொடுக்காத ஃபோட்டோகிராஃபர்மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் மரியாதை இல்லை.

தொழிலின் மற்ற சங்கதிகள்

பிரஸ் மீட்டில் நீட்டும் கவரை வாங்காதீர்கள், கட்சி ஏற்பாடு செய்த வேனில் ஏறாதீர்கள். சாப்பாட்டுப் பொட்டலம்? வெயிலில் நின்றவருக்கு யாராவது ஒரு பொட்டலம் கொடுத்தால் நான் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்களே வாங்கிச் சாப்பிடுவது நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை கட்சி மாநாட்டுக்குக் காசு வாங்கிப் படமெடுத்துவிட்டு, திங்கட்கிழமை அதே கட்சியின் மறியலை ஏஜென்ஸிக்கு எடுக்கும் ஸ்ட்ரிங்கர்கள் நிறைய. மாவட்டத்தில் வருமானம் அப்படி, புரிகிறது. குறைந்தது எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அவரே வேறு ஆளை அனுப்பட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் படம் மாற்றிக்கொள்வது இன்னொரு பழக்கம். நண்பர் எடுத்ததை உங்கள் பெயரில் அனுப்பினால், நாளை யாராவது ஒரிஜினல் கேட்கும்போது முழிப்பீர்கள்.

லைட்டு, கான்ட்ராஸ்ட் கொஞ்சம் சரிசெய்யலாம். பொருளை எடுப்பது, சேர்ப்பது, புகையைக் கறுப்பாக்குவது கூடவே கூடாது. 2006இல் பெய்ரூட் புகையை க்ளோன் செய்து அடர்த்தியாக்கிய ஸ்ட்ரிங்கரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் மொத்தமாகத் திரும்பப் பெற்றது. புலிட்சர் வாங்கிய குழுவில் இருந்த ஒருவரோடு 2014இல் ஏ.பி. உறவை முறித்தது, ஒரு படத்தின் மூலையில் கிடந்த சக நிருபரின் வீடியோ கேமராவை அழித்ததற்காக. அந்தக் கேமரா அங்கேயே இருந்திருந்தாலும் படம் அருமையான படம்தான்.

வேலை கேட்டுப் போகும்போது பத்து ஆர்ப்பாட்டங்களின் பத்து அலறும் முகங்களைக் காட்டாதீர்கள். அது எல்லாரிடமும் இருக்கிறது. ஒரே போராட்டம், காலை முதல் மண்டபம் வரை, பன்னிரண்டு படம், முழுக் கேப்ஷனோடு. நல்ல எடிட்டர் பார்ப்பது ஒவ்வொரு படத்தின் அழகைவிட, எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதைத்தான். கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, மெமரி கார்டு. "அதை டெலீட் பண்ணு" என்று போலீஸும் சொல்வார்கள், போராட்டக்காரர்களும் சொல்வார்கள். கத்த வேண்டாம், எடிட்டருக்கு போன் போட்டுக் கொடுங்கள். இரண்டு கார்டு போடும் கேமராவாக இருந்தால் இரண்டிலும் பதிவாகும்படி வையுங்கள், நிறைந்த கார்டைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தேதி, ஊர், நிகழ்ச்சி என்று ஃபோல்டர் போட்டு, ஒரிஜினலைத் தொடாமல் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். தூத்துக்குடி அறிக்கை வர நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. விசாரணை ஆணையத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்தால், அதே வாரம் வக்கீலைப் பாருங்கள், கேட்ட படத்தை மட்டும் எடுத்துக் கொடுக்காமல் அந்த வரிசை முழுவதையும் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.